பால்மரத் தோட்டத்தின் மேல் ஒரு கணினி நகரம்

சிப்பாங்

விமானம் தாழ இறங்கும்போது கீழே தெரிவதெல்லாம் செம்பனை. நூல் பிடித்து நட்ட வரிசைகள் அடிவானம் வரை ஓடுகின்றன. அவற்றுக்கு நடுவே செம்மண் பாதைகளும் ஓரிரண்டு தகரக் கூரைகளும் தெரிகின்றன. பிறகுதான் ஓடுபாதை வருகிறது. கோலாலம்பூரின் பன்னாட்டு விமான நிலையம் 1998இல் இந்தச் சிப்பாங் வட்டாரத்தில், தோட்ட நிலத்தின் மேல் எழுந்தது.

சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் விமானத்தில் யார் யார் வருகிறார்கள் என்று பார்த்தாலே இன்றைய மலேசியாவின் ஒரு பக்கம் புரிந்துவிடும். தோளில் மடிக்கணினிப் பையோடு முப்பது வயதுக்காரர்கள் வருகிறார்கள். மகன் வீட்டில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, இட்லிப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயுமாக அம்மாக்கள் வருகிறார்கள். உணவகங்களில் வேலை பார்க்கும் ராமநாதபுரத்து இளைஞர்களும் உண்டு. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் முப்பது நாள் வரை விசா இல்லாமல் வந்து போகலாம் என்றானதிலிருந்து அம்மாக்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. நாலு மணி நேரப் பயணம்தான். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தால் போதும், வேறு நாடு.

“பசியாறிட்டீங்களா?” என்று கேட்டபடி பெட்டியை வாங்குகிறார் வாடகைக் கார் ஓட்டுநர். மலேசியத் தமிழரின் காலை வணக்கம் இப்படித்தான் வரும். பந்திங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் இளைஞர் யாரைக் கண்டாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி “ஐ.டி.யா தம்பி?” என்பதுதான். “முன்ன எல்லாம் ஊர்லேருந்து வந்தா கடை வேலைக்கு, இல்லாட்டிக் கோயில் வேலைக்கு. இப்பப் பாதிப் பேரு கம்ப்யூட்டருக்குத்தான் வராங்க லா” என்கிறார். தமிழ்நாடு அவருக்கு இன்னும் ‘ஊரு’தான். அங்கே அவர் ஒரு முறைகூடப் போனதில்லை.

சைபர்ஜெயா

விமான நிலையத்திலிருந்து வடக்கே அரை மணி நேரத்துக்குள் செம்பனை விலகி, கண்ணாடிக் கட்டடங்களும் ஏரியும் அகலமான சாலைகளும் வருகின்றன. சாலையின் அகலத்துக்கு ஏற்ற வண்டி கிடையாது. நடப்பவர்கள் அதைவிடக் குறைவு. சோழிங்கநல்லூரிலும் துரைப்பாக்கத்திலும் மாலை ஆறு மணிக்குப் பேருந்தில் தொங்கிப் பழகியவர்களுக்கு முதல் மாதம் இந்த அமைதியே பெரும் சங்கடமாக இருக்கிறதாம்.

இந்த நகரம் ஒரு திட்டத்தில் பிறந்தது. 1996இல் அன்றைய பிரதமர் மகாதீர் முகமது ‘மல்டிமீடியா சூப்பர் காரிடார்’ திட்டத்தைத் தொடங்கினார். கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரத்திலிருந்து விமான நிலையம் வரை, 50 கிலோமீட்டர் நீளமும் 15 கிலோமீட்டர் அகலமுமான ஒரு பட்டையைக் கணினித் தொழிலுக்கென ஒதுக்கினார்கள். திட்டத்துக்கு ஆலோசனை சொன்ன பன்னாட்டுக் குழுவில் பில் கேட்ஸும் இருந்தார். வரும் நிறுவனங்களுக்கு அரசு பத்து உறுதிமொழிகளை எழுதிக் கொடுத்தது. வெளிநாட்டிலிருந்து எத்தனை அறிவுத் தொழிலாளர்களை வேண்டுமானாலும் அழைத்து வரலாம் என்பது அவற்றில் ஒன்று. கோயம்புத்தூர், திருநெல்வேலி, விஜயவாடாவிலிருந்து இங்கு வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கானோருக்கு வாசலைத் திறந்துவிட்டது அந்த ஒரு வரிதான். 2022இல் திட்டத்தின் பெயர் ‘மலேசியா டிஜிட்டல்’ என்று மாறியது. வாசல் அப்படியே இருக்கிறது.

டெல், டிஎச்எல், எச்எஸ்பிசி போன்ற நிறுவனங்களின் கணினி மையங்களும் பின்னணிச் சேவை மையங்களும் இங்கே உள்ளன. நடுவில் மல்டிமீடியா பல்கலைக்கழகம். 2023இல் புத்ராஜெயா எம்ஆர்டி வழித்தடம் முழுவதும் திறக்கப்பட்டு ரயிலும் வந்துவிட்டது. மதிய உணவு வேளையில் சாப்பாட்டுக் கடைகளின் முன் நின்றால் தமிழும் தெலுங்கும் இந்தியும் மலாயும் சீனமும் ஒரே வரிசையில் கேட்கும். ஒருவர் தட்டில் நாசி லெமாக், அடுத்தவர் தட்டில் தயிர்சாதம்.

தயிர்சாதக்காரர் கோயம்புத்தூர் பக்கம். வங்கி மென்பொருளில் பத்தாண்டு அனுபவம். வந்து நாலாவது வருடம். ‘ஆன்சைட்’ என்று சொல்லி ஆறு மாதத்துக்கு அனுப்பினார்கள். அந்த வேலை முடிந்ததும் வேறொரு ஒப்பந்த நிறுவனம் வழியாக இங்கேயே தங்கிவிட்டார். பேச்சு எங்கே தொடங்கினாலும் ‘பாஸ்’ என்ற சொல்லில் வந்து நிற்கிறது. “பாஸ் எத்தனை வருஷம்?” என்பதுதான் இங்கே இருவர் அறிமுகமாகும்போது வரும் இரண்டாவது கேள்வி.

அந்தப் பாஸின் கணக்கு சம்பளத்தை ஒட்டியது. நெடுங்காலம் இருந்துவந்த அளவுகோலின்படி, மாதம் 10,000 வெள்ளியும் (ரிங்கிட்) அதற்கு மேலும் வாங்கியவர் முதல் வகை. அவருக்கு ஐந்தாண்டு வரை வேலை அனுமதி கிடைத்தது. 5,000 வெள்ளியிலிருந்து தொடங்கியது இரண்டாம் வகை, இரண்டாண்டு வரை. அதற்கும் கீழே மூன்றாம் வகை, ஓராண்டு. மூன்றாம் வகைக்காரர் மனைவி மக்களை அழைத்து வந்து குடிவைக்க முடியாமல் இருந்தது. மேல் வகைக்காரரின் மனைவி வரலாம், ஆனால் அந்தச் சார்புப் பாஸை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. கோயம்புத்தூர்க்காரரின் மனைவியும் கணினிப் பொறியாளர். மூன்று வருடமாக வீட்டில் இருக்கிறார். “அவ என்னைவிட நல்லா கோடு எழுதுவா” என்று சொல்லும்போது அவர் குரல் தணிகிறது. 2011இல் வந்த பத்தாண்டு ‘திறனாளர் வசிப்பு அனுமதி’யில் கணவனும் மனைவியும் இருவருமே வேலை செய்யலாம். அதற்கு விண்ணப்பிக்கும் தகுதி வரும் வரைக்கும் இந்த வேலையை விட்டுவிடக் கூடாது என்பதுதான் அவர் போட்டு வைத்திருக்கும் திட்டம்.

கணினித் தொழில் பல நாட்டு இளைஞர்களையும் இப்படித்தான் கடல் கடத்தியது. அமெரிக்க ஆய்வாளர் அன்னலீ சாக்செனியன் 2006இல் வெளியிட்ட தமது நூலில், கலிபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்குக்குப் போன இஸ்ரேலியர், தைவானியர், இந்தியர், சீனர் ஆகியோரின் போக்குவரத்தை விரிவாக எழுதினார். இஸ்ரேலியரில் பலரும் அறிந்த பெயர் டோவ் ஃப்ரோமன். இன்டெல் நிறுவனத்தில் இருந்துகொண்டு, அழித்து மறுபடி எழுதக்கூடிய நினைவகச் சில்லைக் கண்டுபிடித்தவர் அவர். பிறகு நாடு திரும்பி, 1974இல் ஹைஃபாவில் இன்டெலின் வடிவமைப்பு மையம் தொடங்கக் காரணமானார். அதே இன்டெல் அதற்கு இரண்டாண்டு முன்பு, 1972இல், பினாங்கில் ஆலை திறந்திருந்தது. மலேசியாவுக்கும் இஸ்ரேலுக்கும் தூதரக உறவே கிடையாது. மலேசியக் கடப்பிதழில் இஸ்ரேல் நீங்கலாக என்ற குறிப்பு உண்டு. ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத இரு நாடுகளும் ஒரே நிறுவனத்துக்கு வேலை பார்த்தன. ஹைஃபாவில் சில்லை வடிவமைத்தார்கள். பினாங்கில் சில்லைப் பொருத்திச் சோதித்தார்கள்.

போனவர் ஒரு ஆய்வகத்தோடு திரும்புவது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. சைபர்ஜெயாவில் இருப்பவர்களில் பெரும்பாலோர் வேறொருவர் வடிவமைத்ததைப் பழுதில்லாமல் ஓடவைக்கும் வேலையில் இருக்கிறார்கள். அதுவும் அறிவு வேலைதான், அதற்கும் இரவுக் கண்விழிப்பு உண்டு. ஒப்பந்தம் முடிந்து அடுத்தது கிடைக்கும் வரை காத்திருக்கும் நாட்களை ‘பெஞ்ச்’ என்கிறார்கள். பாஸ் நிறுவனத்தின் பேரில் இருப்பதால், வேலை போனால் நாடும் போய்விடும்.

டிங்கில்

சைபர்ஜெயாவிலிருந்து சிறிது தூரத்தில் டிங்கில். ஏரியும் கண்ணாடியும் இங்கே கிடையாது. தாமான் பெர்மாத்தா என்ற குடியிருப்பில், விரிசல் ஓடிய சுவர்களோடு சில அடுக்குமாடிகள் நிற்கின்றன. கம்பிக் கொடியில் துணி காய்கிறது. கீழே ஒரு சிறு கோயில். தமிழ்நாட்டு மென்பொருள்காரர்களில் இங்கே வந்து பார்த்தவர்கள் குறைவு. அவர்கள் நிற்கும் மண்ணின் கதை ஆரம்பிப்பது இங்கேதான்.

நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா எழுவதற்கு முன்பு அந்த நிலம் பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921இல் திறந்தது. பெயருக்கே ‘பெரும் போர்’ என்று பொருள். ரப்பர் தெரிந்த கன்னியாகுமரிக்காரருக்கு இந்தத் தோட்டம் வேறு வகையில் அறிமுகமாகியிருக்கும். பி.பி. 86, பி.பி. 260 என்று நாற்றுப் பண்ணைகளில் சொல்கிறார்களே, அந்த ‘பி.பி.’ பிராங் பெசாரின் முதலெழுத்துகள். அதிகப் பால் தரும் மரங்களைத் தேர்ந்து, ஒட்டுக் கட்டி, உலகெங்கும் அனுப்பிய ஆராய்ச்சி அந்தத் தோட்டத்தில் நடந்தது. அந்தக் காலத்தின் உயர்தொழில்நுட்பம் அது. அந்த மரங்களில் பால் வெட்டிய கைகள் தமிழர் கைகள்.

முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மூதாட்டி வெட்டியவர்களில் ஒருவர். “விடிய நாலு மணிக்குப் பெரட்டு. பேரு கூப்பிட்டதும் தலையில விளக்கு மாட்டிக்கிட்டுப் போயிருவோம். மங்கத் தொடச்சு வச்சு, பட்டையச் சீவி, வெயில் ஏறுறதுக்குள்ள பாலை ஸ்டோருக்குக் கொண்டாந்து சேக்கணும். மழை வந்தா அன்னைக்குச் சம்பளம் இல்ல” என்கிறார். உதட்டில் புகார் இல்லை. ஒட்டுப்பாலின் வாடை சேலையிலிருந்து போகவே போகாது என்று சொல்லிச் சிரிக்கிறார்.

1990களில் புத்ராஜெயாவுக்காகப் பிராங் பெசார், காலோவே, மெடிங்லி, செட்ஜ்லி தோட்டங்களின் குடும்பங்கள் கிளம்ப வேண்டியதாயிற்று. அவர்களை இந்த அடுக்குமாடிகளில் குடியேற்றினார்கள். நிலத்தோடு கூடிய வீடு தருவதாகச் சொன்னார்கள் என்பது குடியிருப்பாளரின் வாதம். கட்டடத்தில் சில ஆண்டுகளிலேயே விரிசல் கண்டது. மனு, கூட்டம், தேர்தல் வாக்குறுதி என்று கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. 2023இல் அன்வார் இப்ராகிம் தலைமையிலான அரசு இவர்களுக்குத் தரைவீடு கட்டித் தரும் திட்டத்தை அறிவித்தது.

மூதாட்டியின் பேத்தி சைபர்ஜெயாவில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். காலையில் மோட்டார் சைக்கிளில் போகிறாள். பாட்டி இருட்டில் நடந்த வட்டாரத்தில் அவளுக்குக் குளிரூட்டிய அறை. அடுத்த இருக்கையில் மதுரைக்காரர் ஒருவர். மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்தும், இந்த இடம் தோட்டமாக இருந்தது அவருக்குத் தெரியாது. பாட்டியைப் பற்றி இவளும் சொன்னதில்லை.

இது இருவரின் குறையும் அல்ல. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம் மலேயாத் தோட்டத்தை ஒரு பத்தியில் கடந்துவிடும். நிறுவனத்தின் அறிமுக வகுப்பில் தீயணைப்பும் கடவுச்சொல்லும் சொல்லித் தருவார்கள். நிலத்தின் கதையைச் சொல்ல யாரும் இல்லை. சொல்லியிருந்தால் இருவரும் மூன்று வருடத்தை அந்நியராகக் கழித்திருக்க மாட்டார்கள்.

பிரிக்பீல்ட்ஸ்

ரயில் கே.எல். சென்ட்ரலில் இறக்கிவிட்டதும் மல்லிகையும் சாம்பிராணியும் பொரித்த வாழைப்பழமும் சேர்ந்த மணம். துன் சம்பந்தன் சாலையில் பாத்திரக் கடை, புடவைக் கடை, நகைக் கடை, இசைத்தட்டுக் கடை. தி. நகரை நினைவூட்டும், ஆனால் நடைபாதை இருக்கிறது. அதில் மஞ்சள் நிறத்தில் புடைப்புக் கோடுகளும் உள்ளன. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இப்பகுதியில் இருப்பதால் வெள்ளைக் கோலோடு நடப்பவர்களுக்காகப் போட்ட வழி அது.

1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. பலகையும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த ஊரைச் செங்கல்லில் கட்ட வேண்டும் என்றார் பிரிட்டிஷ் அதிகாரி ஃப்ராங்க் ஸ்வெட்டன்ஹாம். சீனத் தலைவர் யாப் குவான் செங் இங்கே சூளை வைத்தார். பிறகு ரயில்வே பணிமனை வந்தது. தண்டவாளத்தில் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர், அலுவலகத்தில் யாழ்ப்பாணத்துக் கிராணிமார். ஸ்காட் சாலையில் உள்ள கந்தசுவாமி கோயில் இலங்கைச் சைவர்கள் எழுப்பியது. 1904இல் கட்டிய விவேகானந்த ஆசிரமத்தை இன்று அடுக்குமாடிகள் சூழ்ந்து நிற்கின்றன. அந்த நாளில் கணக்கும் ஆங்கிலமும் தந்தியும் தெரிந்த யாழ்ப்பாணத்துக்காரருக்கு ரயில்வேயில் இருந்த கிராக்கிதான் இன்று ஜாவா தெரிந்த கோவைக்காரருக்கு இருக்கிறது.

அந்த யாழ்ப்பாணத்து வழியில் வந்த ஒரு பிள்ளை இந்தத் தெருக்களில் வளர்ந்து விவேகானந்தா தமிழ்ப் பள்ளியில் படித்தது. பெயர் ஆனந்தகிருஷ்ணன், 1938இல் பிறந்தவர். மெல்போர்னிலும் ஹார்வர்டிலும் படித்துத் திரும்பினார். மேக்சிஸ் கைபேசி நிறுவனமும் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சியும் அவர் உருவாக்கியவை. 1996 ஜனவரியில் மலேசியாவின் முதல் செயற்கைக்கோளான மீசாட்டை ஏவியது அவருடைய நிறுவனம். 2024 நவம்பரில் அவர் மறைந்தபோது பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் அன்று அதைத் தவிர வேறு பேச்சில்லை என்கிறார் ஒரு பூக்கடைக்காரர். விளம்பரமே விரும்பாத மனிதரைப் பற்றி அவ்வளவு பேச்சு.

மதியம் வாழையிலைச் சாப்பாடு. இலை விரித்து, சோறு போட்டு, மூன்று காய், அப்பளம், ரசம். ஊர்ச் சாப்பாடு போலத் தொடங்கி இரண்டாவது கவளத்தில் தடம் மாறுகிறது. மீன் கறியில் புளி அடங்கித் தேங்காய்ப்பால் எழும். ஆட்டுக்கறிப் பெரட்டலில் பட்டை, கிராம்போடு அன்னாசிப் பூவின் வாசமும் வருகிறது. பக்கத்து இலையில் சீனர் ஒருவர் ரசத்தைக் குவளையில் வாங்கிக் குடிக்கிறார். எதிரே மலாய்க் குடும்பம். சாப்பிட்டு முடித்து இலையைத் தன் பக்கம் மடிப்பது இவர்கள் எல்லாரும் அறிந்த வழக்கம். இங்கே சாம்பார் இனிப்பாக இருக்கிறதென்று ஊர்க்காரர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். ஒரு வருடம் போனால் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இந்தக் கறி மசாலாவைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போகிறார்கள்.

2010 அக்டோபரில் மன்மோகன் சிங்கும் நஜீப் ரசாக்கும் சேர்ந்து இந்தப் பகுதியை ‘லிட்டில் இந்தியா’ என்று திறந்து வைத்தார்கள். 2015 நவம்பரில் இந்திய அரசின் அன்பளிப்பான தோரண வாயிலை நரேந்திர மோடி திறந்தார். இவ்விரு விழாக்களுக்கும் முன்பு இதே பகுதியில் நடந்த இன்னொரு நிகழ்ச்சிக்குக் கல்வெட்டு இல்லை. 

பெர்ஹாலா சாலைப் பக்கம் பாம் கோர்ட் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு. ரயில் நிலையம் பக்கம், இந்திய மளிகை பக்கம் என்பதால் 2000களின் தொடக்கத்தில் இந்தியக் கணினிப் பொறியாளர்கள் இங்கே கூட்டமாகக் குடியிருந்தார்கள். 2003 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. குடிநுழைவுச் சோதனை என்று காவல்துறை உள்ளே நுழைந்தது. ஏறத்தாழ 270 இந்தியர்களைப் பிடித்துப் போனார்கள். பெரும்பாலோரிடம் முறையான வேலை அனுமதி இருந்தது. கையில் விலங்கு போட்டார்கள், மணிக்கணக்கில் உட்காரவைத்தார்கள், கடப்பிதழில் இருந்த விசா முத்திரையைச் சேதப்படுத்தினார்கள் என்று பாதிக்கப்பட்டவர்கள் புகார் சொன்னார்கள். இந்தியா கண்டனம் தெரிவித்தது. மலேசிய அரசு வருத்தம் தெரிவித்தது.

அந்தக் காலத்தில் இங்கே குடியிருந்த ஒருவர் இப்போது சொந்த ஆலோசனை நிறுவனம் நடத்துகிறார். அன்று காலை அவர் சந்தைக்குப் போயிருந்ததால் தப்பினார். “பத்து உறுதிமொழி கொடுத்துக் கூப்பிட்டாங்க. போலீஸ்காரருக்கு அது தெரியலை. அவருக்கு நாங்க எல்லாரும் ஒரே மாதிரிதான்” என்கிறார். அவருக்கு அதைவிட ஆழமாகப் பதிந்தது வேறொன்று. பிடிபட்டவர்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்ததும், வீட்டில் தனியாக இருந்த பெண்களுக்குத் துணை இருந்ததும் பிரிக்பீல்ட்ஸ் தமிழர்கள். “காசு வேணாம்மான்னு சொல்லிட்டாங்க. அவங்க தாத்தாமாரு இதையெல்லாம் பாத்தவங்கதானே.”

கிள்ளான் ரயிலில்

கே.எல். சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்குப் போகும் கொமுட்டர் ரயில், சிலாங்கூரின் முதல் தண்டவாளத்தின் தடத்தை ஒட்டி ஓடுகிறது. 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே அந்தப் பாதை திறந்தது. ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை. பிறகு அதே பாதை ஆட்களை உள்ளே கொண்டுவந்தது.

அங்காசாபுரி நிலையத்தில் வானொலி நிலையத்தின் கட்டடம் தெரியும். மின்னல் எஃப்.எம். அங்கிருந்துதான் ஒலிக்கிறது. தோட்டத்து லயன் வீடுகளில் மரணச் செய்தியும் பிறந்தநாள் வாழ்த்தும் கேட்டது இந்த வானொலியின் தமிழ்ப் பிரிவில்தான். செரி செத்தியா தாண்டும்போது பழைய சுங்கை வே தடையிலா வணிக மண்டலம். 1970களில் அமெரிக்க, ஜப்பானிய மின்னணு ஆலைகள் இங்கே வந்தன. கம்பத்திலிருந்து வந்த மலாய்ப் பெண்களும், தோட்டத்திலிருந்து வந்த தமிழ்ப் பெண்களும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் குனிந்து தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளைச் சில்லில் ஒட்டினார்கள். மலேசியாவின் கணினித் தொழிலுக்கு அடித்தளம் இட்டது அந்தப் பெண்களின் கண்பார்வை. சைபர்ஜெயா அதற்குக் கால் நூற்றாண்டு பிந்தியது.

பெட்டியில் பாதிப் பேர் கைபேசியில் தமிழில் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதிலும் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் பங்குண்டு. கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985இல் முரசு தமிழ் மென்பொருளை உருவாக்கினார். அதுவே முரசு அஞ்சலாக வளர்ந்தது. கைபேசிக்குச் செல்லினம் செய்தவரும் அவரே. ஆப்பிள் கணினியில் வரும் இணைமதி எழுத்துரு அவர் வடித்தது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியதற்கு, இங்கே தமிழ்க் கணினிக்காக ஒரு கூட்டம் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருந்தது ஒரு காரணம். தமிழ்நாட்டிலிருந்து வந்த பொறியாளர்கள் அம்மாவுக்குத் தமிழில் செய்தி அனுப்பும்போது, அந்த வசதிக்கான தொடக்க வேலையில் ஒரு பங்கு மலேசியாவில் நடந்தது என்பதை அறிந்தால் மகிழ்வார்கள்.

கிள்ளான்

தெங்கு கிளானா சாலையில் ஒலிபெருக்கிப் பாட்டும் வடை மணமும் வரவேற்கின்றன. பிரிக்பீல்ட்ஸ் பிரதமர்கள் திறந்து வைத்த இடம். கிள்ளான் தானாக ஆனது. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து சம்பள நாளில் வந்து துணி எடுத்த தெரு இது. செட்டியார்களின் தெண்டாயுதபாணி கோயில் ஒரு பக்கம், சுந்தரராஜப் பெருமாள் கோயில் இன்னொரு பக்கம். காலையில் சீனர் கடையில் பக் குட் தே ஆவி பறக்க, அடுத்த கடையில் புட்டும் இடியாப்பமும் பனஞ்சர்க்கரையோடு விற்கிறார்கள்.

1941இல் இந்த வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. தமிழ் நேசன் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்த ஆர். எச். நாதன் தலைமை ஏற்றார். சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளி, மருத்துவ வசதி, கள்ளுக்கடையை மூடுவது ஆகியவை கோரிக்கைகள். துரையின் எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப் போகும் உரிமையும் அந்தப் பட்டியலில் இருந்தது. நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். படையை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

அந்தத் தொழிலாளர்கள் வந்து இறங்கிய துறை இங்கிருந்து சில கிலோமீட்டரில். அன்று ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம், 1972 முதல் போர்ட் கிள்ளான். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிய ‘ரஜூலா’ கப்பல் 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வந்துபோயிற்று. 1907இல் அமைத்த குடிவரவு நிதிக்கு ஒவ்வொரு தோட்டமும் ஆள் கணக்கில் பணம் கட்டும். அதிலிருந்து கப்பல் கட்டணம் கொடுத்தார்கள். ஆள் சேர்த்த கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு. 1938இல் இந்திய அரசு கூலித் தொழிலாளர்களை இப்படி அனுப்புவதைத் தடை செய்தது. இன்றைய ஒப்பந்த நிறுவனம் ஒரு பொறியாளரை வாடிக்கையாளரிடம் அமர்த்தும்போதும் ஆள் கணக்கில்தான் பணம் கைமாறுகிறது. கூலியும் படிப்பும் வசதியும் எவ்வளவோ மாறியிருக்கின்றன. தங்கும் உரிமை வேலை கொடுப்பவர் கையில் இருப்பது மட்டும் மாறவில்லை.

அந்த உரிமை பறிபோனதும் நடந்திருக்கிறது. 1968இல் வந்த வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி பெற வேண்டும் என்றது. பல பத்தாண்டுகள் பால் வெட்டியும் குடியுரிமைக்கு எழுதிப் போடத் தெரியாமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த பல்லாயிரம் தமிழர்கள் அடுத்த சில ஆண்டுகளில் இதே துறையில் கப்பலேறினார்கள். தமிழ்நாட்டில் அவர்களில் பலரை அடையாளம் கண்டுகொள்ள உறவினர்கள்கூட மிச்சமில்லை.

தெங்கு கிளானா சாலையில் மாலை கட்டும் அம்மாவுக்கு அந்தக் கதை வீட்டுக் கதை. அவருடைய பெரியப்பா அப்படித் திரும்பியவர். புதுக்கோட்டைப் பக்கம் போய்ச் சேர்ந்தார் என்பதோடு கடிதம் நின்றுவிட்டது. மகள் சைபர்ஜெயாவில் மென்பொருள் சோதனைப் பொறியாளர். மலேசியத் தமிழ்ப் பள்ளியில் படித்து, மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவள். அவளுடைய குழுத் தலைவர் அந்தத் தயிர்சாதக் கோயம்புத்தூர்க்காரர்தான். சனிக்கிழமை மாலை அவரும் மனைவியும் பூ வாங்கக் கிள்ளானுக்கு வந்திருக்கிறார்கள். மகள் சொல்லி அனுப்பியதாம்.

அம்மா இரண்டு முழம் கட்டிக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்க மறுக்கிறார். “எந்த ஊரும்மா?” என்று மனைவியைக் கேட்கிறார். அவினாசி என்றதும், புதுக்கோட்டை அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று விசாரிக்கிறார். பெரியப்பாவின் பெயரையும், அவருடைய அப்பா பெயரையும், தெரிந்த வரைக்கும் கிராமத்தின் பெயரையும் அவர் சொல்லச் சொல்ல, மனைவி கைபேசியில் தமிழில் தட்டி எழுதிக்கொள்கிறார். மூன்று வருடமாக வேலை இல்லாமல் வீட்டில் இருந்த பொறியாளருக்கு ஒரு தேடல் கிடைத்திருக்கிறது. கப்பல் பயணிகள் பட்டியல் எங்கே இருக்கும், வாக்காளர் பட்டியலில் எப்படித் தேடுவது என்று நின்ற இடத்திலேயே கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்.

“தீபாவளிக்கு எங்க வீட்ல திறந்த இல்லம். ரெண்டு பேரும் வந்துடணும், தம்பி” என்கிறார் அம்மா. கோயம்புத்தூர்க்காரரின் பாஸ் செப்டம்பரில் முடிகிறது. புதுப்பிக்க விண்ணப்பம் போயிருக்கிறது, பதில் வரவில்லை. அதை அவர் சொல்லவில்லை. “வர்றோம்மா” என்கிறார். மனைவி இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். கிராமத்தின் பெயரில் வருவது சின்ன ‘ர’வா பெரிய ‘ற’வா என்று அம்மாவிடம் கேட்கிறார். அம்மா மகளுக்கு போன் போடுகிறார்.